சூப்பர்மேன் யாருடைய பிள்ளை? மறுஉருவாக்கத்தால் பிளவுபட்ட இரசிகர்கள்

2025 ஜூலையில் திரைக்கு வந்த ‘சூப்பர்மேன்’ படம் வசூலை முடித்துக்கொண்டு வீட்டுத் திரைக்கும் வந்துவிட்டது. படம் ஓடி முடிந்தாலும் அதைப் பற்றிய சண்டை முடிந்தபாடில்லை. 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த பழைய படத்தின் கனிவு திரும்பி வந்துவிட்டது என்று ஒரு சாரார் மகிழ்கிறார்கள். 2013இல் ஸாக் ஸ்னைடர் இயக்கத்தில் ஹென்றி கேவில் நடித்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’தான் உண்மையான சூப்பர்மேன், ஜேம்ஸ் கன் எடுத்திருப்பது நாயை வைத்துக் காட்டிய பிள்ளை விளையாட்டு என்கிறார்கள் இன்னொரு சாரார். இந்த இரண்டு முகாம்களுக்கும் நடுவே அமெரிக்க அரசியலும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

உள்ளாடையை வெளியே போட்டுக்கொண்டு பறக்கும் ஒருவருக்காக வளர்ந்தவர்கள் இப்படி அடித்துக்கொள்வதா என்று சிலர் கேட்கலாம். தமிழ்ச் சினிமா பார்த்து வளர்ந்த நாம் அப்படிக் கேட்கக்கூடாது. 1962இல் டி. ஆர். ராமண்ணா இயக்கிய ‘பாசம்’ படத்தின் முடிவில் எம்.ஜி.ஆர். இறந்துபோவார். அதை அவருடைய இரசிகர்கள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. திரையில் அவர் குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், ஏழையைக் கைவிடமாட்டார், தோற்கவும் மாட்டார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் பாயோடு வந்து இடம் பிடித்தவர்களுக்கு இது எழுதப்படாத ஒப்பந்தம். அதை மீறினால் கதை மாறிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். துரோகம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சூப்பர்மேன் இரசிகர்களின் கோபமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால், அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. அங்கேதான் சிக்கல்.

130 டாலர் நாயகன்

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் உருவாக்கிய பாத்திரம் இது. இருவருமே யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். ஷுஸ்டர் கனடாவின் டொரொண்டோவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு கிளீவ்லண்டுக்கு வந்தவர். 1938 ஜூன் மாதத் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானார். அந்தப் பாத்திரத்தின் முழு உரிமையையும் 130 டாலருக்கு இருவரும் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த முதல் சூப்பர்மேனை இன்றைய இரசிகர்கள் நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் திகைப்பார்கள். அவருக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். உலகை அழிக்க வரும் அரக்கர்களோடு அவர் மோதவும் இல்லை. மனைவியை அடிக்கும் கணவனைப் பிடித்து உலுக்கினார். நிரபராதியான ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து காப்பாற்றினார். மூன்றாம் இதழில் ஒரு சுரங்க முதலாளியின் கதை வருகிறது. பாதுகாப்பு வசதி இல்லாத தன் சுரங்கத்தில் தொழிலாளி அடிபட்டதைப் பற்றிக் கவலைப்படாத அந்த முதலாளியையும் அவருடைய விருந்தாளிகளையும் சுரங்கத்துக்குள்ளேயே சிக்கவைத்து, அங்கே வேலை செய்வது எப்படி இருக்கும் என்று சூப்பர்மேன் உணரவைப்பார். பால்மரம் வெட்டி வளர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

புதிய படத்தில் அரசியலைத் திணித்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் இந்தப் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம். 1940இல் ஹிட்லரின் எஸ்.எஸ். படையினருடைய பத்திரிகை, சீகலின் பெயரைச் சொல்லியே அவரைத் தாக்கி எழுதியது. 1946இல் வானொலித் தொடரில் சூப்பர்மேன், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறிக் கும்பலைப் போன்ற ஓர் அமைப்போடு மோதினார். அரசியல் இல்லாத சூப்பர்மேன் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

படைத்தவர்களின் நிலை என்னவாயிற்று? வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஷுஸ்டருக்குக் கண்பார்வை மங்கிப்போனது. 1970களின் நடுவில் பெரும் செலவில் சூப்பர்மேன் படம் வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது, மனம் வெந்த சீகல் அந்தப் படத்தைச் சபித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். ஓவியர் நீல் ஆடம்ஸ் போன்றவர்கள் சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான், வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் கொடுக்கவும் படைப்பாளிகளாக அவர்களின் பெயரைப் போடவும் ஒப்புக்கொண்டது. 1978 படத்தில் ஜோர்-எல்லாகச் சிறிது நேரமே வந்துபோன மார்லன் பிராண்டோவுக்குக் கொடுத்த சம்பளம் சுமார் 3.7 மில்லியன் டாலர், அதற்கு மேல் வசூலில் பங்கு. எது உண்மையான சூப்பர்மேன் என்று சண்டை போடுகிறவர்கள் இந்தக் கணக்கை அதிகம் பேசுவதில்லை.

எந்தப் பழைய படம்?

1978 படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் டோனர். சிறப்புக் காட்சிகளுக்காக ஆஸ்கர் சிறப்பு விருது பெற்ற படம். ஜான் வில்லியம்ஸின் இசை இன்றும் அந்தப் பாத்திரத்தின் தேசிய கீதம் போல ஒலிக்கிறது. புதிய படத்திலும் அதைத்தான் கிட்டாரில் வாசிக்கவைத்து எடுத்தாண்டிருக்கிறார்கள். கிறிஸ்டோபர் ரீவ் அப்போது 26 வயது இளைஞர். ஒரே ஆள் கூனிக் குறுகிய பத்திரிகையாளராகவும் நிமிர்ந்து நிற்கும் நாயகனாகவும் கண்ணாடியைக் கழற்றும் ஒரு நொடியில் மாறிக் காட்டுவார். பிறகு 1995இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்து, 2004இல் மறையும்வரை முதுகுத்தண்டு பாதிப்பு பற்றிய ஆய்வுக்காகப் பாடுபட்டார். அந்த மனிதர் மீதுள்ள மரியாதையும் படத்தின் மீதுள்ள பாசமும் இரசிகர் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனாலேயே அந்தப் படத்தில் குறையே இல்லை என்ற நினைப்பும் வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. மனித வரலாற்றில் தலையிடாதே என்று தந்தை விதித்த தடையை மீறி, தான் நேசிக்கும் பெண்ணுக்காகச் சூப்பர்மேன் காலத்தையே பின்னுக்குத் திருப்புவார். அதே நேரத்தில் இறந்த மற்றவர்களின் கணக்கை யார் பார்த்தார்கள்? 1980இல் வந்த இரண்டாம் பாகத்தில், சக்தி இழந்த எதிரி ஸாடின் கையை நசுக்கி, அவரைத் தூக்கி எறிவார். ஸாட் ஆழப் பள்ளத்தில் மறைந்துபோவார். அரங்கம் கைதட்டிச் சிரித்தது. 2013இல் ஹென்றி கேவில் அதே ஸாடின் கழுத்தை முறித்தபோதுதான் உலகமே இடிந்து விழுந்தது போல ஆனது.

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையா என்றால், இருக்கிறது. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் ஸாட் தன் கண்களிலிருந்து பாயும் நெருப்பால் ஒரு குடும்பத்தை எரிக்கப் பார்க்கிறார். தடுக்க வேறு வழியில்லாத நிலையில் சூப்பர்மேன் கொல்கிறார், கொன்றபின் கதறுகிறார். அதற்கு முன் ஒரு பெருநகரமே தரைமட்டமாகியிருக்கும். தயாரிப்பாளர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் நோலனே முதலில் இந்தக் கொலைக் காட்சிக்குச் சம்மதிக்கவில்லை. சூப்பர்மேன் கதைகளை எழுதியவரான மார்க் வெய்ட் அந்தக் காட்சியைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1980 கொலை விளையாட்டாகக் காட்டப்பட்டதால் யார் மனத்திலும் தங்கவில்லை. 2013 கொலை வலியோடு காட்டப்பட்டதால் மறக்க முடியாததாகிவிட்டது. ஸ்னைடரின் இரசிகர்கள், எங்கள் ஆள்தான் கொலையைக் கொலையாகக் காட்டினார் என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. கொல்ல வேண்டிய கட்டாயத்தையே கதாசிரியர்தானே உருவாக்கினார் என்பது மறுபக்கத்தின் பதில். அதிலும் நியாயம் உண்டு.

ஜேம்ஸ் கன் படத்துக்கு வந்தால், அணிலைக்கூட மிதிபடாமல் காப்பாற்றுகிற அளவுக்கு அவருடைய சூப்பர்மேன் உயிர்களை மதிக்கிறார். ஆனால், போர் தொடுத்த பொராவியா நாட்டின் அதிபரை ஹாக்கேர்ல் என்ற நாயகி வானத்திலிருந்து கீழே போட்டுக் கொன்றுவிடுகிறார். நான் சூப்பர்மேன் மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டே போடுகிறார். நாயகன் கை சுத்தமாக இருக்க வேண்டும், வில்லனும் சாக வேண்டும். நம்மூர்ப் படங்களில் வில்லன் தானாகவே வழுக்கித் தன் கத்தியிலேயே விழுவானே, அந்தப் பழைய உத்திதான்.

வளர்த்தவரும் பெற்றவரும்

கொலையைவிட ஆழமான சண்டை ஒன்று இருக்கிறது. அது பெற்றோரைப் பற்றியது.

மூன்று படங்களிலும் அடிப்படைக் கதை ஒன்றுதான். அழியும் கிரகத்திலிருந்து பெற்றோர் குழந்தையை அனுப்பிவைக்கிறார்கள். கான்சஸ் மாநிலத்துக் கெண்ட் தம்பதியர் எடுத்து வளர்க்கிறார்கள். ஆனால், இரண்டு தந்தையரும் பிள்ளைக்கு என்ன சொன்னார்கள் என்பதில்தான் படத்துக்குப் படம் பெரிய வேறுபாடு.

1978இல் பெற்ற தந்தை ஜோர்-எல், மனிதர்களை நல்வழிக்கு அழைத்துச் செல்லவே மகனை அனுப்புகிறார். வளர்த்த தந்தையும் நீ ஏதோ ஒரு காரணத்தோடுதான் இங்கு வந்திருக்கிறாய் என்கிறார். இருவர் சொல்லும் ஒன்றே. 2013இல் பெற்றவர் பெருங்கனவோடு அனுப்புகிறார். வளர்த்தவரோ மறைந்து வாழச் சொல்கிறார். ஆற்றில் விழுந்த பள்ளிப் பேருந்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிய சிறுவன், அவர்களைச் சாகவிட்டிருக்க வேண்டுமா என்று கேட்கும்போது, கெவின் கோஸ்ட்னர் நடித்த அந்தத் தந்தை திட்டவட்டமாக இல்லை என்று சொல்லவில்லை, இருக்கலாம் என்கிறார். பின்னர் சூறாவளியில் தன்னைக் காப்பாற்ற வேண்டாம் என்று கையசைத்துத் தடுத்துவிட்டே உயிரை விடுகிறார்.

அமெரிக்க விமர்சகர்கள் பலருக்கு இந்தத் தந்தை எரிச்சலூட்டினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த நாட்டில் பிள்ளை கண்ணில் பட்டுவிடக்கூடாது, தலையைத் தூக்கினால் வெட்டிவிடுவார்கள், படித்தோமா வேலைக்குப் போனோமா என்று இரு எனச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள் இங்கே எத்தனை! அந்த அறிவுரையில் கோழைத்தனம் இருக்கலாம். அதற்குள் பயமும் பாசமும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. ஸ்னைடர் படத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கிற இளைஞர்களில் பலர், தங்களைச் சுற்றியுள்ளவர்களோடு ஒட்ட முடியாத தனிமையை அந்தக் கதையில் பார்த்தவர்கள். அவர்களை வெறும் வன்முறை விரும்பிகள் என்று ஒதுக்குவது சரியல்ல.

2025 படம் இந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. பெற்றோர் அனுப்பிய செய்தியின் முதல் பாதி மட்டுமே சூப்பர்மேனுக்குத் தெரியும். அதில் அன்பும் நம்பிக்கையும் இருக்கின்றன. மறுபாதியை லெக்ஸ் லூதர் மீட்டெடுத்து உலகுக்கே ஒளிபரப்புகிறார். அதில், அந்த மக்கள் பலவீனமானவர்கள், அவர்களை ஆட்சி செய், பல மனைவிகளைக் கொண்டு நம் இனத்தைப் பெருக்கு என்று பெற்றோர் சொல்கிறார்கள். நேற்றுவரை கைதட்டிய ஊர் இன்று அவர் மீது குப்பையை வீசுகிறது. அவர் தானாகவே சரணடைகிறார். வேற்றுக்கிரகவாசிக்கு உரிமை எதுவும் இல்லை என்ற நிலையில், விசாரணையின்றி லூதரின் இரகசியச் சிறைக்குள் தள்ளப்படுகிறார். இங்கேயே பிறந்தும் ஒரு தாள் இல்லாததால் அடையாள அட்டைக்கு அலைந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த இடம் அமெரிக்கர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

இந்தத் திருப்பத்தைப் பற்றி இரண்டு வாதங்கள். எங்கிருந்து வந்தாய், யார் எதற்காக அனுப்பினார்கள் என்பது உன்னைத் தீர்மானிக்காது, நீ செய்வதுதான் தீர்மானிக்கும் என்று வளர்ப்புத் தந்தை சொல்லும் காட்சி, இந்தத் திருப்பம் இல்லாமல் இவ்வளவு வலுவாக வராது என்பது ஒன்று. படத்தின் தொடக்கத்தில் காயம்பட்ட சூப்பர்மேன் பெற்றோரின் செய்தியைக் கேட்டு ஆறுதல் அடைவார். முடிவில் அதே இடத்தில் கெண்ட் தம்பதியர் தன்னை வளர்த்த வீட்டுப் படக்காட்சிகளைப் பார்த்து ஆறுதல் அடைவார். திரைக்கதை அளவில் இது நன்றாகவே அமைந்திருக்கிறது.

எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. குடியேறிகளைப் பற்றி எல்லா நாட்டிலும் சொல்லப்படும் மிகப் பழைய குற்றச்சாட்டு என்ன? உழைக்க வந்ததாகச் சொல்கிறார்கள், உண்மையில் நாட்டைப் பிடிக்க வந்திருக்கிறார்கள், பிள்ளைகளைப் பெற்றுப் பெருகி நம்மை விழுங்கிவிடுவார்கள் என்பதுதானே? குடியேறியின் கதை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு படம், அந்தக் குற்றச்சாட்டை உண்மை என்றே ஆக்கிவிட்டதே! லூதர் பொய் சொல்லவில்லை. அந்தச் செய்தி உண்மையானதுதான் என்று இயக்குநரும் படம் வெளியான பிறகு உறுதிப்படுத்திவிட்டார். அப்படியானால் நல்ல குடியேறி என்பவர் தன் பெற்றோரின் ஊரையும் பண்பாட்டையும் கைகழுவியவர் மட்டும்தானா? பழைய படத்தை நேசிப்பவர்களிலும் பலர் கேட்கும் கேள்வி இது. பெற்றவர் நல்லவராகவும் வளர்த்தவர் நல்லவராகவும் இருந்து, பிள்ளை இரண்டு கையிலும் இரண்டையும் பிடித்துக்கொள்ள முடியாதா?

என் பார்வையில் இந்த எதிர்வாதத்துக்குப் படத்தில் முழு விடை இல்லை. தப்பான ஆளிடமிருந்து உண்மை வெளிவந்தால் என்ன செய்வது என்ற துணிச்சலான கேள்வியைக் கன் எழுப்பினார். வீட்டுப் படக்காட்சியோடு அதைச் சீக்கிரம் மூடிவிட்டார். அடுத்த பாகத்தில் அந்தச் செய்தியே போலி என்று மாற்றிவிட வேண்டும் என இரசிகர்கள் சிலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி மாற்றினால் அதைவிட மோசமான ஏமாற்று வேறில்லை. தொட்டதை முழுதாகப் பேசி முடிப்பதே முறை.

தொலைக்காட்சி அரசியல்

படம் வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன், சூப்பர்மேன் அமெரிக்காவின் கதை, வேறிடத்திலிருந்து வந்த ஒரு குடியேறியின் கதை, அதைவிட முக்கியமாக மனிதக் கனிவைப் பற்றிய கதை என்ற பொருளில் ஜேம்ஸ் கன் ஒரு பிரிட்டிஷ் நாளேட்டுக்குப் பேட்டி கொடுத்தார். 1938இலிருந்து எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால், அமெரிக்காவில் குடியேறிகளைப் பிடித்து நாடு கடத்தும் நடவடிக்கைகள் தீவிரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஃபாக்ஸ் தொலைக்காட்சி படத்தைக் கேலி செய்தது. 1993 முதல் 1997 வரை தொலைக்காட்சியில் சூப்பர்மேனாக நடித்த டீன் கேய்னும் கண்டித்தார். அடுத்த மாதமே குடியேற்ற அமலாக்கத் துறையில் சேரப்போவதாக அறிவித்தார். பிறந்தபோது அவருடைய பெயர் டீன் ஜார்ஜ் தனாகா. தந்தை வழியில் ஜப்பானிய வம்சாவளி. படம் வெளியான வாரத்தில் வெள்ளை மாளிகையின் அதிகாரபூர்வப் பக்கம் அதிபர் டிரம்பையே சூப்பர்மேன் உடையில் காட்டும் படத்தைப் பகிர்ந்தது. குடியேறி என்ற சொல் பிடிக்காதவர்களுக்கும் உடை பிடித்திருக்கிறது.

பொராவியா என்ற வல்லமை மிக்க நாடு ஜர்ஹான்பூர் என்ற ஏழை நாட்டுக்குள் படையோடு நுழைவதைப் பார்த்த பலர், காஸாவைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் அதை மறுத்தார். வேலியோரம் ஒரு சிறுவன் கொடியை ஊன்றிவிட்டு நாயகனை அழைக்கும் காட்சியை, அன்றாடம் செய்திகளைப் பார்த்துவிட்டு அரங்குக்கு வந்தவர்கள் வேறு எப்படிப் பார்த்திருக்க முடியும்? இந்தியாவிலோ தணிக்கைக்காரர்களின் கவலை வேறாக இருந்தது. 33 வினாடி முத்தக் காட்சியை வெட்டியெறிந்தார்கள். கட்டடங்கள் நொறுங்குவதைக் குழந்தைகள் பார்க்கலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

இரு தரப்பும் வசூலைத்தான் கடைசி ஆயுதமாக எடுக்கிறார்கள். 2013 படம் உலக அளவில் சுமார் 670 மில்லியன் டாலர் ஈட்டியது. 2025 படம் சுமார் 616 மில்லியன். இரண்டின் தயாரிப்புச் செலவும் சுமார் 225 மில்லியன் என்றே சொல்லப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் பழையது இன்னும் மேலே நிற்கிறது என்கிறார்கள் ஸ்னைடர் தரப்பினர். அமெரிக்கா, கனடாவை மட்டும் பார்த்தால் நிலைமை மாறுகிறது: 2013இல் சுமார் 291 மில்லியன், 2025இல் சுமார் 354 மில்லியன். சரிவு முழுவதும் வெளிநாட்டுச் சந்தையில்தான். கொரோனாவுக்குப் பிறகு திரையரங்குப் பழக்கம் குறைந்ததும், சீனாவில் உள்நாட்டுப் படங்களே மேலோங்கியதும் எல்லா ஹாலிவுட் படங்களையும் அடித்தன. எனவே வெறும் மொத்தத் தொகையை வைத்து எந்தச் சூப்பர்மேன் சிறந்தவர் என்று முடிவு கட்ட முடியாது.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்த எண் வேறொன்று. எண்கூட அல்ல, ஓர் எழுத்து. முதல் நாள் படம் பார்த்துவிட்டு அரங்கைவிட்டு வெளியே வரும் அமெரிக்கப் பார்வையாளர்களிடம் தர மதிப்பீடு கேட்கும் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் இருக்கிறது. 2013 படத்துக்கு அவர்கள் கொடுத்தது ‘ஏ மைனஸ்’. 2025 படத்துக்கும் அதே ‘ஏ மைனஸ்’. சாதாரணமாகக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர்களுக்கு இரண்டுமே பிடித்திருந்தன. பிளவு மக்களிடம் இல்லை, மிகவும் நேசித்தவர்களிடம்தான்.

பழையதை அப்படியே நகலெடுத்திருந்தால் பிளவு வந்திருக்காதே என்றால், அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2006இல் பிரையன் சிங்கர் இயக்கிய ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’, ரீவ் படங்களின் தொடர்ச்சி போலவே, அதே இசையோடு, அவர் சாயலில் ஒரு புதுமுகத்தை வைத்து எடுக்கப்பட்டது. சுமார் 391 மில்லியன் டாலர் வசூலித்தும் போட்ட பெரும் செலவுக்குப் போதவில்லை, தொடர்ச்சி வரவில்லை. ரஜினியின் ‘பில்லா’வை 2007இல் மறுபடி எடுத்தபோது விஷ்ணுவர்தன் கதையை வைத்துக்கொண்டு தோரணையை முழுதாக மாற்றினார், நம் மலேசியத் தெருக்களில் கறுப்புக் கண்ணாடியோடு நடந்த அஜித் ரஜினியைப் போல நடிக்க முயலவே இல்லை. படம் வென்றது. மறுஉருவாக்கத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது.

யார் பேசுகிறார்கள்?

ஸ்னைடர் இரசிகர்களின் பிடிவாதத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 2017இல் மகளைப் பறிகொடுத்த ஸ்னைடர் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்திலிருந்து விலகினார். வேறொருவர் கைக்குப் போன படம் வெளிவந்து சோடை போனது. ஸ்னைடரின் வடிவத்தை வெளியிடுங்கள் என்று இரசிகர்கள் இயக்கமாகத் திரண்டார்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு 5 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் நான்கு மணி நேர வடிவம் வெளியானது. இது முதல்முறையும் அல்ல. டோனர் இரண்டாம் பாகத்தை முடிக்கும் முன்பே நீக்கப்பட்டவர். இரசிகர்களின் நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு 2006இல் அவருடைய வடிவமும் வெளிவந்தது. இன்று எதிரெதிராக நிற்கும் இரண்டு முகாம்களும் ஒரே மாதிரியான அநீதியைக் கண்டு எழுந்தவர்கள் என்பது வேடிக்கை.

ஆனால், 2021க்குப் பிறகு அந்த இயக்கத்தின் ஒரு பகுதி கசந்துபோனது. நிர்வாகிகளையும் நடிகர்களையும் வசைபாடுவது வழக்கமானது. வார்னர் நிறுவனம் தயார் செய்த அறிக்கைகளை மேற்கோள் காட்டி 2022இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் எழுதியபோது, அந்த உரையாடலில் ஈடுபட்ட கணக்குகளில் குறைந்தது 13 விழுக்காடு போலியானவை என்றது. வழக்கமான அளவு 3 முதல் 5 விழுக்காடு. போலி அல்லாதவை மீதி 87 விழுக்காடு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் கேவில் திரும்பி வந்துவிட்டேன் என்று அறிவிக்கவைக்கப்பட்டு, டிசம்பரில் இல்லை என்று அனுப்பப்பட்டார். அந்த வலி புதிய படத்தின் மீதான வெறுப்பில் இன்றும் கலந்திருக்கிறது. புதிய சூப்பர்மேனாக வந்த டேவிட் கோரன்ஸ்வெட் இதில் செய்த தவறு எதுவும் இல்லை.

கன் இதற்கெல்லாம் படத்திலேயே ஒரு குத்து வைத்திருக்கிறார். சூப்பர்மேனைத் திட்டிக் கருத்துப் பதிவிடுவதற்காக லூதர் கூண்டில் ஒரு குரங்குக் கூட்டத்தையே கணினி முன் உட்காரவைத்திருக்கிறார். அரங்கு சிரித்தது. எனக்கு அது அவ்வளவு நல்ல நகைச்சுவையாகப் படவில்லை. எதிர்த்துப் பேசுகிறவர்கள் எல்லாம் குரங்குகள் என்றால், அந்தப் பெற்றோர் செய்தியைப் பற்றி நியாயமான கேள்வி கேட்டவர்களை எங்கே உட்காரவைப்பது? அதே படத்தில், தெருவில் உணவு விற்கும் மாலிக் அலி என்ற எளிய மனிதர், சூப்பர்மேனுக்குக் கைகொடுத்த ஒரே குற்றத்துக்காக லூதரால் சுட்டுக் கொல்லப்படுகிறார். படத்தின் மிகக் கனமான காட்சி அதுதான். அவரைப் பற்றி இந்த இரண்டு முகாம்களிலும் பேச்சு குறைவு.

அடுத்த படமான ‘மேன் ஆஃப் டுமாரோ’ 2027 ஜூலை 9 அன்று வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. பொது எதிரியை வெல்ல சூப்பர்மேனும் லூதரும் கைகோக்க வேண்டியிருக்கும் என்று கன் சொல்லியிருக்கிறார். நிறுவனத்துக்கு அவசரமும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 1938 சூப்பர்மேன் கதைகளின் காப்புரிமை 2033 முடிவோடு காலாவதியாகிறது. 2034 முதல் யார் வேண்டுமானாலும் அந்தப் பாத்திரத்தை வைத்துப் படம் எடுக்கலாம். ஆனால், பறப்பது, பச்சைக் கல், நாய் எல்லாம் பிறகு சேர்ந்தவை. அவற்றுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். முதலில் கைக்கு வருபவர், மாடிக்கு மாடி தாவுகிற, சுரங்க முதலாளியைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற அந்த 130 டாலர் சூப்பர்மேன்.